கொசுறு ரிங்

தட்டைத் துடைக்க எடுத்தபோதுதான் அந்த ரிங்கைப் பார்த்தேன். ஒரு காலத்தில் வீட்டில் சோறு தின்ற எவர்சில்வர் தட்டு, விளிம்பு நசுங்கியதும் பட்டறைக்கு வந்து திருகாணி சுமந்துகொண்டிருக்கிறது. அந்த நசுங்கலுக்குள் ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்பு ரப்பர் வளையம், சட்டைப் பொத்தான் அகலம், புத்தம் புதிது, பெட்ரோலே படாதது. கடிகாரத்தில் ஏழே முக்கால். வாடிக்கையாளர் நந்தகோபாலின் சிவப்பு வண்டி வாசலைத் தாண்டிப் போய் முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. ஒரு ரிங் மிச்சம், அதனாலென்ன, உக்கடத்தில் அபுதாகிர் பாய் கடையில் பன்னிரண்டு ரிங் வாங்கினால் பொட்டலத்தில் பதிமூன்று இருக்கும், இருபது வருஷமாக அப்படித்தான், காய்கறிக்காரி கொத்தமல்லி போடுகிற மாதிரி பாய் ஒரு ரிங்கைக் கொசுறாகப் போட்டுத்தான் மடிப்பார், போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அப்படி வந்த கொசுறுகள் எல்லாம் ஊறுகாய் பாட்டில் ஒன்றில் சேர்ந்து கிடக்கின்றன, ஒரு நாளும் ஒன்றுக்கும் உதவியதில்லை, தூக்கிப் போடவும் மனசு வந்ததில்லை. பாட்டில் மூடியைத் திறந்து இதையும் உள்ளே போடப் போனேன். கை நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை நான் போனபோது கல்லாவில் பாய் இல்லை. அவர் மருமகன் இருந்தான், ஊருக்குப் புதுசு, மூக்குக்கண்ணாடி, பேனா முனையால் ஒவ்வொரு ரிங்காகத் தள்ளித் தள்ளி எண்ணினான், ஒரு தரம் எண்ணி மறுபடி ஒரு தரம். அவன் கொசுறு போட்டானா? பாய் உள்ளே இருந்து என்னமோ குரல் கொடுத்தார், அது எனக்கா அவனுக்கா தெரியவில்லை, நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், பிரித்து எண்ணவில்லை, பாய் கடைப் பொட்டலத்தை எண்ணிப் பார்க்கிறவன் மனுஷனா என்று ஒரு கொழுப்பு.

எண்ணியிருக்க வேண்டும். சரி, இப்போது எண்ணலாம், மனசுக்குள் எண்ணலாம். ஆறு சிலிண்டர், பெட்ரோலைத் தெளிக்கிற ஆறு இன்ஜெக்டர், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ரிங், கீழே ஒரு ரிங். கீழே போடுவது அகலம், மேலே போடுவது சிறியது. தட்டில் கிடப்பது மேல் ரிங், பெட்ரோல் குழாயும் இன்ஜெக்டரும் சேருகிற இடத்தை அடைக்கிறது அதுதான், அது சரியாக இல்லாவிட்டால் பெட்ரோல் வெளியே கசியும், கசிந்து சூடான இன்ஜின் மேலேயே விழும். முப்பது வருஷத்து வண்டி, இரண்டே கதவு, நந்தகோபாலின் அப்பா ஆசை ஆசையாக வரவழைத்தது, இந்த ஒரு மாசமாகத் திக்கித் திக்கி ஓடியது, ஏற்றத்தில் இருமியது. இன்ஜெக்டரைக் கழற்றிக் கண்ணாடிக் குழாயில் மாட்டிப் பார்த்தால் ஐந்து ஓரளவுக்குத் தெளிக்கிறது, ஆறாவது மட்டும் மூக்கு ஒழுகுகிற பிள்ளை மாதிரி சொட்டுகிறது. எல்லாவற்றையும் கழுவினேன். நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், கழுவிய இன்ஜெக்டரைச் சோதிக்கும்போது புது ரிங் போட மாட்டேன், பழைய ரிங்கையே மாட்டிச் சோதிப்பேன், சோதனையிலேயே புதுசு நசுங்கி வீணாகிவிடக் கூடாது என்று. தெளிப்பு சரி என்று தெரிந்த பிறகு பழையதைப் பிளேடால் அறுத்து எறிந்துவிட்டுப் புதுசு போடுவேன். சிக்கனம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்து நானே மெச்சிக்கொண்டது. ஐந்துக்கு அறுத்தேன், ஐந்துக்குப் போட்டேன், அது கண்ணில் இருக்கிறது. ஆறாவது சொட்டிக்கொண்டே இருந்ததால் அதை மட்டும் மறுபடி கழுவப் போட்டேன், மறுபடி சோதிக்க மாட்டினேன், பழைய ரிங்கோடு. அப்புறம்? அப்புறம் தெளிப்பு அழகாக வந்தது, நேற்று மத்தியானம் மூன்று மணி, தகரக் கூரை அனலாக இறங்குகிறது, அழகாக வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், டீ சொல்லிவிட்டு வந்தேன். டீ குடித்தேன். அப்புறம் அறுத்தேனா? பிளேடு பிடித்த விரல் நினைவிருக்கிறது, ரப்பர் டப் என்று விடுபடுவது நினைவிருக்கிறது, ஆனால் அது எந்த ரிங்? முப்பது வருஷமாக அறுத்திருக்கிறேன், ஆயிரம் ரிங் அறுத்த கைக்கு அறுத்த ஞாபகம் எப்போதும் இருக்கும், அதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அறுத்த துண்டுகளைப் பார்த்து எண்ணலாமே என்று குனிந்து மேஜைக்கடியில் தேடினேன். தரை சுத்தமாக இருந்தது. ஏழரைக்குக் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது, நான்தான் கூட்டி அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினேன், வேலை முடிந்த பட்டறை சுத்தமாக இருக்க வேண்டும் என்று.

பயப்பட என்ன இருக்கிறது. போட்டு முடித்ததும் சாவியைப் பாதி திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், பெட்ரோல் குழாயில் அழுத்தம் ஏற்றிப் பார்த்தேனே. ஒவ்வொரு இன்ஜெக்டர் கழுத்திலும் விரலால் தடவினேன், விரல் உலர்ந்திருந்தது. ஆறாவதற்கு விரல் எட்டாது. அது கடைசியில், இன்ஜின் அறையின் பின்சுவர் ஓரத்தில், காற்றுக் குழாய்க்கு அடியில், அங்கே கண்ணும் போகாது விரலும் போகாது, மூக்குதான் போகும். அந்த மூக்கைப் பற்றி ஊரில் கேட்டுப் பாருங்கள். சங்கனூரிலிருந்து கணபதி வரைக்கும் மூக்கு மூர்த்தி என்றால்தான் தெரியும், திருமூர்த்தி என்றால் யார் என்பார்கள். தெருவில் போகிற வண்டியின் கிளட்ச் தீய்ந்ததை உள்ளே உட்கார்ந்தபடி சொன்னவன். இருபத்தொரு வயசில் பந்தய மைதானத்தில் சக்கரம் மாற்றப் போயிருந்தபோது, கிளம்பிவிட்ட வண்டியின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி மறித்தேன், ஓட்டுகிறவன் கெட்ட வார்த்தையில் திட்டினான், பானட்டைத் திறந்தால் பெட்ரோல் குழாய் நூலிழையாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் வாசம் வந்தது. அன்றைக்கு அவன் பிழைத்தான், எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் முப்பது வருஷம் சாப்பிட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் காய்ச்சல் வந்தது, ஊருக்கே வந்தது, எல்லோருக்கும் போன வாசம் திரும்பி வந்தது, எனக்கு வரவில்லை. முதலில் காபி வாசம் இல்லை, வரும் என்றார்கள். அப்புறம் சோப்பு இல்லை, சாம்பிராணி இல்லை, பெட்ரோல் இல்லை. பெட்ரோல் வாசம் இல்லாத பட்டறை எனக்குத் தெரியாத யாருடைய வீடோ போல இருந்தது, ஒரு வாரம் அழுதேன், யாருக்கும் தெரியாமல். சொல்லவில்லை. யாரிடம் சொல்வது, மூக்கு மூர்த்திக்கு மூக்கு போய்விட்டது என்றால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு வண்டியை வேறு பட்டறையில் விடுவார்கள். பானட்டுக்குள் குனிந்து மூச்சை இழுத்துக் கண்ணை மூடி நிற்பேன், வாடிக்கையாளர் பக்தியோடு பார்ப்பார், நான் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் வைத்து எதையாவது சொல்வேன், அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது, அதனால் எனக்கே பாதி நாள் மறந்துவிடும். ஒரு நாள் சமையலறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், என் மனைவி கனகமணி வெளியிலிருந்து ஓடி வந்து கேஸ் கசிந்த சிலிண்டரை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள், என்னையே பார்த்தாள். ஏனுங்க, உங்களுக்கு வாசம் வரலீங்களா என்றாள். சளி என்றேன். அவள் சரி என்றாள். அன்றிலிருந்து ரசம் கொதித்தால் வாசம் எப்படி என்று என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அந்தக் குழந்தைக்குத் தெரிந்தது. அதை நினைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரமும் சிக்கனம், குப்பை வண்டி என்று சுற்றிச் சுற்றி வந்தேன், ஆனால் எந்தப் பக்கம் போனாலும் அங்கேயே வந்து முட்டுகிறது. தன்விகா, ஒன்பது வயசு, நந்தகோபாலின் ஒரே பெண், தாயில்லாத பிள்ளை. கோத்தகிரியில் விடுதியோடு கூடிய பள்ளிக்கூடத்தில் இன்றைக்குச் சேர்க்க வேண்டும், அப்பாவின் சிவப்பு வண்டியில்தான் போவேன் என்று பிடிவாதம், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எப்படியாவது முடித்துத் தாருங்கள் அண்ணா என்று தம்பி கெஞ்சியது. காலையில் இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், அவள் புதுச் சீருடை, புது ஷூ, தகரப் பெட்டி ஒன்று, அதில் வெள்ளைப் பெயின்ட்டில் அவள் பெயர். வண்டியின் பின்பக்கம் சின்னது, பெட்டி நுழையவில்லை. நான்தான் முன் சீட்டில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கினேன், மலை வளைவில் சரியாமல் இருக்கட்டும் என்று இரண்டு முடிச்சு. பாப்பா பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். இரண்டு கதவு வண்டி. பின்னால் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் முன் சீட்டை மடக்க வேண்டும், ஒரு பக்கம் அப்பா உட்கார்ந்திருக்கிறார், மறுபக்கம் நான் கட்டிய பெட்டி. ஏறியவள் மூக்கைச் சுருக்கி, மாமா, பெட்ரோல் வாசம் வருது என்றாள். பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசம் வராம மல்லிகைப்பூ வாசமா வரும் பாப்பா என்றேன், அவள் அப்பா சிரித்தார், எனக்கும் என் கேலி பிடித்திருந்தது. பிறகும் அவர் லேசாகத் திரும்பி, ஒரு தடவை பாத்திடுங்கண்ணா என்றார். பானட்டைத் திறந்தேன். குனிந்தேன். ஆறாவதன் பக்கம் முகத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடி, நன்றாக நீளமாக மூச்சை இழுத்தேன். சூடு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்து, நேத்து வேல செஞ்சப்ப சிந்துனதுங்க தம்பி, ரெண்டு நாள்ல போயிரும் என்றேன். அது உண்மையாகவும் இருக்கலாம். சிந்தியது உண்மை. வேலை செய்த வண்டியில் அந்த வாசம் இருக்கும் என்பதும் உண்மை. உண்மையாக இருக்கலாம் என்கிற ஒரு பொய்யைத்தான் சொன்னேன்.

இப்போது கூப்பிடலாம். எட்டு மணி, காரமடை தாண்டியிருப்பார்கள், சமதரை, சாலையோரம் புளியமரம், நிறுத்த இடம் இருக்கிறது. தம்பி, ஓரமா நிறுத்துங்க, பாப்பாவ எறக்குங்க, நான் வண்டியெடுத்துட்டு வர்றேன், இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பெயரைத் தேடி எடுத்துவிட்டேன், பச்சைப் பொத்தானுக்கு மேலே பெருவிரல் நிற்கிறது. ஏன் அண்ணா என்று கேட்பார். ஒரு ரிங் மிச்சம் இருக்குது தம்பி என்பேன். ஒரு ரிங்கா, கொசுறா இருக்குமேண்ணா, நீங்களே சொல்லுவீங்களே என்பார், அவருக்கும் அந்தக் கதை தெரியும். இல்லீங்க, சந்தேகம் என்பேன். அதுதான் மோந்து பாத்தீங்களே அண்ணா என்பார். அதற்கு என்ன சொல்வேன்? அங்கே வந்ததும் கதவு சாத்திக்கொள்கிறது. முதலில் பாயைக் கேட்போம், கொசுறு போட்டீர்களா என்று ஒரு வார்த்தை, போட்டேன் என்றால் எல்லாம் தீர்ந்தது, யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பாய்க்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, எங்காவது கல்யாணத்தில் இருப்பார், பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று போன் அடிப்பது கேட்காது. பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ ராசிபலன் சொல்கிறார், என் ராசிக்கு அலைச்சல் என்கிறார். நேற்றைய டீ கிளாஸ் மேஜையில் இருக்கிறது, அடியில் ஆடை, அதில் எறும்பு. பாயை ஆறு தடவை கூப்பிட்டேன், நந்தகோபாலை ஒரு தடவையும் கூப்பிடவில்லை, இதையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். எட்டே கால், மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிடுவார்கள், வண்டி நின்றிருக்கும், நின்றிருக்கிற வண்டிக்கு ஒன்றும் ஆகாது, அவசரமில்லை. எட்டு இருபது. பழைய ரிங்காகவே இருந்தாலும்தான் என்ன, காய்ந்து இறுகிப்போன ரிங் எத்தனை வண்டியில் வருஷக்கணக்காக ஓடுகிறது. ஆனால் கழற்றாத வரைக்கும்தான் அது ஓடும், கழற்றித் திரும்பப் போட்டால் இறுகிய ரப்பர் வெடிக்கும், ஆறியிருக்கும்போது பிடிக்கும், சூடாகி அழுத்தம் கூடினால் விடும், மலை ஏறும்போது விடும், இது எனக்குத் தெரியாதா, நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எட்டு இருபத்தைந்துக்குப் பாய் எடுத்தார். சுற்றிலும் ஒரே இரைச்சல், குழந்தைகள், பாத்திரம். கேட்டேன். மருமகன்தான் மடிச்சான், இங்கதான் எங்கயோ இருக்கான், கேட்டுட்டுக் கூப்பிடறேன் மூர்த்தி என்றார்.

அவர் கூப்பிடுவதற்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அது அடித்தது. நந்தகோபால். எட்டு முப்பத்தொன்று. திரையில் அவர் படம், பின்னால் சிவப்பு வண்டி, போன பொங்கலுக்கு நான்தான் எடுத்தேன். எடு என்றது மனசு. எடுத்தால் என்ன சொல்வது, இன்னும் பாய் சொல்லவில்லை, பாதி தெரிந்து பேசக் கூடாது, இரண்டே நிமிஷம், பாய் கூப்பிட்டதும் நானே தம்பியைக் கூப்பிட்டு ஒரேயடியாகப் பேசிவிடலாம். நன்றி சொல்லக் கூப்பிடுகிறாராக இருக்கும், வண்டி பிரமாதமாகப் போகிறது என்று சொல்லக் கூப்பிடுகிறாராக இருக்கும், எப்போதும் அப்படிக் கூப்பிடுவார். அடித்துக்கொண்டே இருந்தது. என் கை அதைப் பிடித்திருந்தது, துடிப்பு உள்ளங்கையில் ஏறியது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது. நின்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, இதையும் சொல்லிவிட வேண்டும், உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஒரு முறை சின்னதாக மணி அடித்தது, ஏதோ செய்தி, இட்லி போட்டோவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வெயில் பட்டறைக்குள் ஒரு முழம் வந்துவிட்டது. இருபத்தொரு வயசில் கையை விரித்துக்கொண்டு ஓடினவன் எங்கே போனான் என்று யோசித்தேன். அவனுக்கு இழக்க என்ன இருந்தது, ஒரு பெயர்கூடக் கிடையாது, தப்பாகப் போயிருந்தால் நாலு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டிய கிழவன் திருகாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு போன் நிற்பதற்காகக் காத்திருக்கிறான். உழைத்து முன்னேறினான் என்று இதைத்தான் சொல்கிறார்கள். நந்தகோபால் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. எட்டு நாற்பது ஆயிற்று, எட்டு நாற்பத்தைந்து. எட்டு ஐம்பத்திரண்டுக்குப் பாய் கூப்பிட்டார்.

"மூர்த்தி, கேட்டுட்டேன். அவன் எண்ணித்தான் போட்டானாம், பன்னண்டே பன்னண்டு. கொசுறெல்லாம் போடக் கூடாதுன்னு எனக்கே சட்டம் பேசறான்" என்றார், சிரித்தார். "என்ன, ஒண்ணு குறையுதா? நாளைக்குக் கடைக்கு வா, நான் தர்றேன், இதுக்குப் போய் இத்தன போனா?" என்றார். குறையலீங்க பாய் என்றேன். "அப்புறம்?" "ஒண்ணு மிச்சமிருக்குது." அவர் முப்பது வருஷமாக இந்தச் சாமான்களை விற்கிறவர், அவருக்கு விளக்கம் தேவையில்லை. அவர் இரைச்சலிலிருந்து விலகி எங்கோ நடந்து போவது கேட்டது. "வண்டி எங்க இருக்குது?" என்றார். கோத்தகிரி ரோடு என்றேன். "யாரு இருக்காங்க?" சொன்னேன். யா அல்லா என்று மெதுவாகச் சொன்னார், உடனே குரல் மாறி, எங்கிட்ட எதுக்குப் பேசிட்டிருக்க, அவங்களுக்கு அடி, கிடைக்கலைன்னா நூறுக்கு அடி, குஞ்சப்பனை செக்போஸ்ட்ல நிறுத்தச் சொல்லு என்று அதட்டினார். அடித்தேன். தாங்கள் தொடர்புகொள்ளும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள், அழகான குரல். நான்கு தடவை சொன்னாள். நூறுக்கு அடித்தேன், இன்னொரு பெண், வண்டி எண் கேட்டாள், நிறம் கேட்டாள், என்ன பிரச்சினை என்று கேட்டாள், பெட்ரோல் கசியுது, சின்னப் பிள்ள இருக்குது என்றேன். மேட்டுப்பாளையத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று கேட்டாள். எட்டு முப்பத்தொன்றுக்குக் கூப்பிட்டவர், அப்போது சாப்பிட்டு முடித்திருப்பார், பவானிப் பாலம், ஓடந்துறை, அப்புறம் வளைவுகள். மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன், நான் சரி செய்த வண்டி, இப்போது திக்காது, இருமாது, ஏற்றத்தில் நன்றாக இழுக்கும். இந்நேரம் செக்போஸ்ட்டைத் தாண்டியிருப்பார்கள் என்றேன். சொல்லிப் பார்க்கிறோம் என்றாள்.

அப்புறம்தான் அந்தச் செய்தியைத் திறந்தேன். போட்டோ இல்லை, குரல். எட்டு முப்பத்துமூன்று. தட்டினேன். லாரி ஒன்று போகிற சத்தம், அப்புறம் அவள். "மாமா, நாங்க இட்லி சாப்ட்டுட்டோம். அப்பா போன் பண்ணாங்க, நீங்க எடுக்கலை. வண்டி சூப்பரா போகுது, இருமவே இல்ல. ஆனா அந்த வாசம் காலைலவிட இப்ப ஜாஸ்தியா வருது மாமா. நிறுத்திட்டு உங்களக் கேட்டுட்டுப் போலாம்னு நான் சொன்னேன். அப்பா சொல்றாங்க, மூக்கு மாமாவே மோந்து பாத்துட்டாங்க, அப்புறம் நமக்கென்ன பயம்னு. சரி மாமா, நான் லீவுக்கு வரும்போது பாக்கறேன்." இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, அது என்னை விட்டுப் போகாது. கை ரிங்கைப் பிடித்திருந்தது, எப்போது எடுத்தேன் தெரியவில்லை, அதை மூக்கிடம் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தேன், புது ரப்பருக்கு ஒரு வாசம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வாசம். வெறும் காற்று. தெரு முனையில் கனகமணி தூக்குவாளியோடு வருவது தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் இருந்தால் அவளே சாப்பாடு கொண்டுவருவாள். குரல் பதிகிற பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினேன். "பாப்பா, மூக்கு மாமா பேசறேன். அப்பாகிட்ட வண்டிய நிறுத்தச் சொல்லு. சாவியத் திருப்பி ஆஃப் பண்ணச் சொல்லு. மொதல்ல அந்தக் கயித்த அறுத்துப் பெட்டியத் தூக்கி வெளிய போட்டுட்டு நீ எறங்கு, எறங்கித் தூரமாப் போய் நில்லு. காலைல நான் மோந்து பாத்தது பொய் பாப்பா. மாமாவுக்கு வாசம் தெரியாது. நாலு வருசமாச்சு. நீ சொன்னதுதான் நெசம்." பொத்தானை விட்டேன். போயிற்று. கனகமணி வாசலில் நின்றுவிட்டிருந்தாள், எவ்வளவு கேட்டாள் தெரியவில்லை, தூக்குவாளியைக் கீழே வைக்காமல் நின்றாள். நான் திரையைப் பார்த்தேன். செய்திக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருந்தது. போய்ச் சேர்ந்தால் இரண்டாவது டிக் விழும், கனகமணியிடம் சொன்னேன், இரண்டாவது விழுந்தால் போதும். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்பதே கால், ஒன்பது இருபது, திரை அணைய அணைய விரலால் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு டிக்தான் இருந்தது.